உப்புக்காற்றில் உக்கிப்போகும் ரி.வி. கேம் பெட்டிகள்

திருகோணமலை நகரில் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திருத்திக் கொடுக்கும் சிறு கடையொன்றுக்கு அண்மையில் செல்ல நேர்ந்தது. கடையின் மூலையில் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. அதனுள்ளே பழுப்பேறிய பிளாஸ்டிக் பெட்டிகளும், வயர் அறுந்த கைப்பிடிகளும், மஞ்சள் நிறக் கசட்டுகளும் குவிந்திருந்தன. 1990களில் எமது பிள்ளைகள் 'ரி.வி. கேம்' என்று அழைத்த விளையாட்டுச் சாதனங்களே அவை. திருத்தக் கொடுத்தவர்கள் திரும்பி வரவில்லை; இடம்பெயர்ந்தவர் சிலர், வெளிநாடு சென்றவர் சிலர், மறந்தே போனவர் பலர். பழைய இரும்பு வாங்க வருபவரிடம் நிறுத்துக் கொடுப்பதற்காக மூட்டை கட்டப்பட்டிருந்தது.

விளையாட்டுச் சாமான்கள் குப்பைக்குப் போவதில் என்ன புதுமை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் உலகின் பல நகரங்களில் இதே பெட்டிகள் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கும் காலம் இது. நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2012ஆம் ஆண்டு 14 வீடியோ விளையாட்டுகளைத் தனது நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவின் ரொசெஸ்டர் நகரில் விளையாட்டுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் இயங்குகிறது. எமது துறைமுக நகரின் ஹூட் கோபுர அருங்காட்சியகத்தில் பழைய பீரங்கிகளைக் காணலாம். பீரங்கிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள் எதைக்கொண்டு விளையாடினார்கள் என்பதைக் காட்ட எந்த அருங்காட்சியகத்திலும் எதுவும் இல்லை.

தொலைக்காட்சித் திரையில் விளையாடும் சாதனம் வணிகரீதியாக முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1972இல், அமெரிக்காவிலாகும். ரால்ப் பேயர் என்ற பொறியியலாளரின் சிந்தனையில் உருவான 'ஒடிசி' என்பது அதன் பெயர். 1977இல் அட்டாரி நிறுவனம் கசட்டை மாற்றி வெவ்வேறு விளையாட்டுகளை விளையாடும் பெட்டியை வெளியிட்டுப் பெரும் வெற்றி கண்டது. 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. விற்காத கசட்டுகளை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ என்ற ஊரில் குழிதோண்டிப் புதைக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. (2014இல் அதே குழியைத் தோண்டி அக்கசட்டுகளை வெளியே எடுத்தார்கள், அவற்றுள் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. குப்பை வரலாறாவதற்கு முப்பது ஆண்டுகள் போதும் போலும்.) சரிவு நிகழ்ந்த அதே 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'பமிக்கொம்' என்ற பெட்டியை வெளியிட்டது. 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. பெட்டியை வடிவமைத்தவர் மசாயுகி உவெமுரா.

எமது ரி.வி. கேம் பெட்டிகளின் மூதாதை இந்தப் பமிக்கொம்தான். ஆனால் மூதாதை மட்டுமே. நின்டெண்டோவின் அசல் பெட்டி எமது வீடுகளுக்கு வந்ததில்லை என்றே கூறலாம். விலை ஒரு காரணம். தொழில்நுட்பமும் ஒரு காரணமாகும். ஜப்பானியப் பெட்டி 100 வோல்ட் மின்சாரத்துக்கென ஆக்கப்பட்டது. எமது வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். ஜப்பானியத் தொலைக்காட்சி முறைமையில் படம் ஒரு செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும். இலங்கை பின்பற்றிய 'பால்' முறைமையில் அது 50 தடவையே. ஆகவே அசல் பெட்டியை இங்கு கொண்டுவந்து இணைத்தாலும் படம் ஓடும், நிறம் வராது, அல்லது அலைவரிசையே பிடிபடாது.

இந்த இடைவெளியைத் தாய்வானிலும் பின்னர் சீனாவிலும் உற்பத்தியான நகல் பெட்டிகள் நிரப்பின. தாய்வானின் யு.எம்.சி. நிறுவனம் பமிக்கொம்மின் சில்லுகளுக்கு ஈடான சில்லுகளைத் தயாரித்தது. அவற்றைப் 'பால்' முறைமைக்கு ஏற்ப மாற்றியும் கொடுத்தது. பெயர் தெரியாத எத்தனையோ தொழிற்சாலைகள் அவற்றுக்கு மேலுறை பூட்டின. ரஷ்யாவில் அதே பெட்டி 1992 இறுதியில் 'டெண்டி' என்ற பெயரில் வந்து, இலட்சக்கணக்கான வீடுகளை அடைந்தது. இந்தியாவில் 'சமுராய்' என்று ஒன்று, 'லிட்டில் மாஸ்டர்' என்று ஒன்று. எமக்கோ கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அன்றைக்கு எந்தப் பெயரில் இருந்ததோ அந்தப் பெயர்.

திருகோணமலையோ உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. அத்துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தவை மா ஆலைக்குக் கோதுமையும் சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளும். பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டிகள் கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக பஸ்ஸில்தான் வந்தன. மற்றொரு வழி வளைகுடா. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் உழைக்கச் சென்ற வாப்பாமார் விடுமுறையில் கொண்டுவந்த பெட்டிக்குள் சவர்க்காரம், போர்வை, பால்மா ஆகியவற்றுடன் சில வேளைகளில் இதுவும் இருக்கும். அந்த வீட்டில் அன்றிரவு அயலிலுள்ள பிள்ளைகள் அனைவரும் கூடிவிடுவர்.

எல்லா வீடுகளிலும் அது இருக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரேயொரு வீட்டில் இருந்தது. அவ்வீட்டு அண்ணர் அரை மணித்தியாலத்துக்கு ஐந்து ரூபா வாங்கிக்கொண்டு விளையாட விடுவார். சித்திரைப் புத்தாண்டின் கைவிசேடமும் நோன்புப் பெருநாள் காசும் போய்ச் சேர்ந்த இடம் அதுவே. மத்ரசா முடிந்து தொப்பியுடன் வருபவனும், கோயிலிலிருந்து திருநீற்றுடன் வருபவனும் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே கைப்பிடிக்காகச் சண்டையிட்டனர். இதை இன நல்லுறவுக்குச் சான்றாக உயர்த்திப் பேச வேண்டியதில்லை. கைப்பிடிகள் இரண்டுதான், வரிசை நீளமானது, அவ்வளவே. ஆயினும் 1990இன் பின்னர் ஒரு தெருவார் மறு தெருவுக்குப் போக அஞ்சிய நாட்கள் பல இருந்தன என்பதை அறிந்தவர்கள் அந்தப் பாயின் பெறுமதியையும் அறிவார்கள்.

ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட நாட்களில் வெளியே பந்து விளையாட முடியாது. அந்நாட்களில் பெற்றோரே பெட்டியை எடுத்துக் கொடுத்தனர். மின்சாரம் இருந்தால்தான் அதுவும். 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் வற்றியபோது நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு அமுலானது. 'சுப்பர் மரியோ'வில் எட்டு உலகங்கள், ஒவ்வோர் உலகத்திலும் நான்கு கட்டங்கள். இடையில் நிறுத்திச் சேமித்து வைக்கும் வசதி அதில் கிடையாது. எட்டாம் உலகத்தை எட்டியவனும் மின்சாரம் போனால் முதலாம் உலகத்தில் இருந்தே தொடங்க வேண்டும்.

பெட்டியுடன் ஒரு கைத்துப்பாக்கியும் வரும். திரையில் பறக்கும் வாத்தைச் சுடுவதற்கானது. பல நகல் பெட்டிகளில் அது கறுப்பு நிறத்தில், அசலைப் போலவே இருந்தது. சோதனைச் சாவடிகள் நிறைந்த ஊரில் அதைப் பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போவது எத்தகைய விபரீதம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. துப்பாக்கியை அலுமாரியில் பூட்டி வைத்த தாய்மாரும் உண்டு. அடுப்பில் போட்ட தாய்மாரும் உண்டு. டோக்கியோவிலோ சிக்காகோவிலோ இதே விளையாட்டை விளையாடிய பிள்ளைக்கு இப்படியொரு நினைவு இருக்க வாய்ப்பில்லை.

இங்குதான் பாதுகாத்தல் என்ற விடயம் எழுகிறது. பமிக்கொம்மும் அதன் மேலைநாட்டு வடிவமும் சேர்ந்து உலகெங்கும் 6 கோடியே 19 இலட்சம் விற்பனையாகின என நின்டெண்டோவின் கணக்கு கூறுகிறது. அந்தக் கணக்கில் திருகோணமலைப் பிள்ளை ஒருவரும் இல்லை. நகல் பெட்டிகளை எவரும் எண்ணவில்லை. அவற்றைச் செய்தவர்கள் பெயர் போடவில்லை. விற்றவர்கள் பற்றுச்சீட்டு கொடுக்கவில்லை. எமது அனுபவத்துக்குச் சாட்சியாக எஞ்சியிருப்பவை இரண்டே: மூட்டையில் கிடக்கும் பெட்டிகளும், நாற்பதைத் தாண்டிக்கொண்டிருப்பவர்களின் ஞாபகமும்.

இணையத்தில் எல்லா விளையாட்டுகளும் கிடைக்கின்றனவே, பெட்டி எதற்கு என்று இளைஞர்கள் வினவுவதுண்டு. கிடைப்பது உண்மைதான். 1985இல் வெளியான சுப்பர் மரியோ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது; இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப் போலப் பல மடங்கு பெரியது. பழைய சாதனத்தின் செயற்பாட்டைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருட்கள் 1990களிலேயே வந்துவிட்டன. ஆனால் அவற்றில் ஓடுவது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விளையாடப்பட்ட வடிவம். எமது பெட்டி செக்கனுக்கு 50 தடவை ஓடியபடியால் விளையாட்டின் வேகம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பின்னணி இசையும் அதே அளவு ஆறுதலாகவே நகர்ந்தது. இன்று கைப்பேசியில் அதே விளையாட்டைத் தரவிறக்கி விளையாடும் எமது வயதினர் "ஏதோ அவசரமாக ஓடுகிறது" என்று முறையிடுவது முதுமையின் காரணமாக அன்று.

வேறுபாடுகள் இன்னும் உள்ளன. '9999 விளையாட்டுகள்' என்று மேலுறையில் அச்சிடப்பட்ட கசட்டில் உண்மையில் இருப்பவை சில விளையாட்டுகளே. அதே விளையாட்டு வெவ்வேறு கட்டத்தில் தொடங்கும்படி செய்யப்பட்டு வெவ்வேறு இலக்கத்தில் வரும். நாம் 'டாங்க் 1990' என்று விளையாடியது நம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'பற்றில் சிட்டி'யின் திருத்தப்பட்ட நகல். பல கசட்டுகளில் முகப்புத் திரையிலிருந்து அசல் நிறுவனத்தின் பெயர் அழிக்கப்பட்டிருக்கும். இவற்றை மாற்றியவர்கள் யார் என்பது பெரும்பாலும் தெரியாது. அசல் நிறுவனங்கள் தமது பழைய விளையாட்டுகளை மீண்டும் விற்கலாம். இந்த நகல்களை மீண்டும் விற்க எவரும் வரப்போவதில்லை.

அசல் விளையாட்டுகளின் கதியும் அவ்வளவு மெச்சத்தக்கதாக இல்லை. அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவகம் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, 2010க்கு முன்னர் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதமானவை இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தனது இரண்டு பழைய சாதனங்களுக்கான இணையக் கடையை மூடியது. அங்கு மட்டுமே விற்கப்பட்ட விளையாட்டுகளைப் புதிதாக வாங்க வழியில்லாமற் போனது. நூலகங்கள் பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து வழங்க அனுமதி கோரியபோது 2024 ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. நூலகத்துக்கு வழங்கினால் வியாபாரம் கெடும் என்பது நிறுவனங்களின் வாதம். வியாபாரத்திலேயே இல்லாத பொருளுக்கு வியாபாரம் எவ்வாறு கெடும் என்பது எமக்கு விளங்கவில்லை.

எமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிகழ்ச்சித்திட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட ஆக்கங்களாகவே கொள்கிறது. ஆக்கியோனின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் என்பது பொதுவிதி. நகல் கசட்டு ஒன்றை அருங்காட்சியகத்தில் வைப்பதற்கும் அதனுள் இருப்பதைப் பிரதி செய்து பரப்புவதற்கும் இடையில் வேறுபாடு உண்டு. முன்னையது ஒரு பொருளைக் காட்சிப்படுத்துதல். பின்னையதற்குச் சட்ட ஆலோசனை தேவை. பிறர் உழைப்பைத் திருடி விற்ற பொருளை நாம் ஏன் பேண வேண்டும் என்று மார்க்கப் பற்றுள்ள பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வியில் நேர்மை இருந்தது. அந்த வியாபாரத்தை நியாயப்படுத்த முடியாது. ஆனால் வாங்கிய தகப்பனுக்கு அது நகல் என்றே தெரியாது. அசல் என்று ஒன்று அவர் கண்ணில் பட்டதும் இல்லை. அவ்வாறு நடந்தது என்பதும் பதியப்பட வேண்டிய ஒன்றே.

இனி, பொருட்களின் நிலைமையைப் பார்ப்போம். தொழிற்சாலையில் நிலையாகப் பதிக்கப்பட்ட நினைவகச் சில்லுகள் பல தசாப்தங்கள் தாக்குப்பிடிக்கும். மலிவான நகல் கசட்டுகளிலோ சில்லு நேரடியாகப் பலகையில் ஒட்டப்பட்டு, அதன்மேல் கறுப்புப் பிசின் ஊற்றப்பட்டிருக்கும். ஈரம் புகுந்து உள்ளிணைப்பு விட்டால் திருத்த முடியாது. மின்தேக்கிகள் வயதாகி ஒழுகும். ஒழுகிய திரவம் பலகையை அரிக்கும். கசட்டின் செப்புப் பற்களில் களிம்பு ஏறும். கடலோரக் காற்றிலுள்ள உப்பு இவை யாவற்றையும் துரிதப்படுத்தும். மலைநாட்டில் அலுமாரியில் கிடக்கும் பெட்டியை விட உட்துறைமுக வீதியில் கிடக்கும் பெட்டி விரைவில் அழியும். கசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதுவது அன்றைய வைத்தியம். உண்மையில் பயன் தந்தது ஊதியதல்ல, கழற்றி மீண்டும் செருகியதுதான். ஊதிய எச்சில் ஈரம் களிம்பை அதிகரிக்கவே செய்தது.

துப்பாக்கியின் நிலை தனி. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்மையாக ஒளிரும். துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளியுணரி அந்த வெண்மையைக் கண்டால் இலக்குத் தப்பவில்லை என்று பொருள். பழைய குழாய்த் தொலைக்காட்சியின் உடனடி ஒளிர்வை நம்பி ஆக்கப்பட்ட ஏற்பாடு இது. இன்றைய தட்டைத் திரைகளில் படம் சற்றுத் தாமதித்து வருவதால் துப்பாக்கி வேலை செய்யாது. ஆகவே துப்பாக்கியைப் பேணுவோர் குழாய்த் தொலைக்காட்சியையும் பேண வேண்டும். அப்பெட்டிகள்தாம் இன்று எல்லோராலும் முதலில் வீசப்படுகின்றன.

2000களில் பிளேஸ்டேஷன் வந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் கைச்சாத்தானபின் நகரில் விளையாட்டுக் கடைகளும் இணையக் கடைகளும் முளைத்தன. அவற்றில் ஓடியவை பெரும்பாலும் வீட்டுக் கணினியில் பிரதி செய்த இறுவட்டுகள். அத்தகைய இறுவட்டின் சாயப்படலம் வெப்பத்திலும் ஒளியிலும் சிதையும். கசட்டுகளை விடப் பின்னால் வந்தவை அவற்றுக்கு முன்னரே ஊமையாகிவிட்டன.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கடல். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகளில் வீடுகளோடு போனவற்றைப் பட்டியலிட்டவர்கள் உயிர்களையும், படகுகளையும், ஆவணங்களையும் எண்ணினார்கள். விளையாட்டுப் பெட்டியை எண்ண எவருக்கு மனம் வரும்? 2006இல் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்தபோதும் அவ்வாறே. இருமுறையும் தப்பிய பொருட்கள் சிலவே.

இவ்விடத்தில் உவெமுராவின் பிற்காலத்தைக் குறிப்பிடுவது பொருந்தும். நின்டெண்டோவை விட்டபின் அவர் கியோட்டோவிலுள்ள ரிட்சுமெய்க்கான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, விளையாட்டு ஆய்வு நிலையத்தை வழிநடத்தினார். 2021 டிசம்பரில் காலமானார். தான் செய்த பொருளைப் பேணவும் ஆராயவும் வேண்டும் என்ற எண்ணம் செய்தவருக்கே இருந்தது. ரஷ்ய உதாரணம் எமக்கு இன்னும் அண்மையானது. மொஸ்கோவில் 2007ஆம் ஆண்டு மாணவர்கள் சிலர், பூங்காக்களிலும் கிடங்குகளிலும் கைவிடப்பட்டிருந்த சோவியத் கால விளையாட்டு இயந்திரங்களைச் சேகரித்து, ஒரு நிலக்கீழ் அறையில் அருங்காட்சியகம் தொடங்கினர். இன்று அங்கு செல்பவர்கள் பழைய 15 கொபெக் நாணயத்தைப் போட்டு விளையாடுகிறார்கள். அரசாங்கத்தின் பெருந்திட்டம் எதுவும் அதன் தொடக்கத்தில் இருக்கவில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானமும் கற்பிக்கப்படுகிறது; தொடர்பாடலும் கற்பிக்கப்படுகிறது. பெட்டியைத் திறந்து பார்க்க முன்னையவரும், பெட்டிக்காரரின் கதையைக் கேட்டுப் பதிவு செய்யப் பின்னையவரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேகரிக்கும் 'நூலகம்' திட்டம் 2005இல் சில தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. அச்சிடப்பட்டவற்றுக்கு நடந்தது இவற்றுக்கும் நடக்க முடியாததல்ல.

பழைய திருத்துநர்களிடம் உள்ள அறிவு வேறெங்கும் எழுதப்படவில்லை. சுற்றுவரைபடம் இல்லாத பெட்டியை அவர்கள் எப்படித் திருத்தினார்கள்? உதிரிப்பாகம் வராத மாதங்களில் எதிலிருந்து எதைக் கழற்றிப் பூட்டினார்கள்? 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, மறுகரையிலிருந்து பிள்ளைகள் பொலித்தீன் பையில் பெட்டியைச் சுற்றிக்கொண்டு 'பாதை'யில் கடந்து வருவார்கள் என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். மாலைப் பாதைக்கு முன் திருத்திக் கொடுக்காவிட்டால் பிள்ளை அழுதுவிடும் என்பதால் பகல் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாட்களும் உண்டாம். அவருக்கு இப்போது எழுபது வயதாகிறது. கேட்பவர்கள் விரைவாகக் கேட்பது நல்லது.

மூட்டையிலிருந்த பெட்டிகளில் நான்கை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு இயங்குகின்றன. வீட்டு அலுமாரியின் மேல் இத்தகைய பெட்டி வைத்திருப்பவர்கள் அதை எடுத்தவுடன் மின்சாரத்தில் பொருத்த வேண்டாம். பழைய மின்மாற்றி பழுதாகியிருந்தால் பெட்டியையும் சேர்த்து எரித்துவிடும். திருத்துநர் ஒருவரிடம் காட்டி, மின்தேக்கிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கசட்டின் பற்களை மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் துடைக்கலாம். பட்டரி போட்ட கைவிளையாட்டுகளாயின் பட்டரியைக் கழற்றிவிடுங்கள். பின்னர் ஒரு தாளில், யார் வாங்கியது, எந்த ஆண்டு, எங்கிருந்து வந்தது, யார் யார் வந்து விளையாடினார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று எழுதி, காற்றுப் புகாத உறையில் இட்டு, பெட்டியோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.